துறவும் துகிலும்: அக்கமாதேவியிடம் வினாவப்பட்ட ஒரு வினா

பாகவதத்தின் முதற் கந்தத்திலே சுகமுனிவரின் துறவுச் சிறப்பை உணர்த்தும் சிறு நிகழ்ச்சி ஒன்று கூறப்படுகின்றது. சுகர் ஆடையின்றி நடந்து செல்கின்றார். மகனைப் பிரிய மனமில்லாத வியாசர் அவரைப் பின்தொடர்கின்றார். வழியிலே தெய்வ மகளிர் சிலர் நீராடிக்கொண்டிருக்கின்றனர். இளைஞராகிய சுகர் ஆடையில்லாமலே கடந்து போனபோது அவர்கள் நாணவில்லை. முதியவரும் ஆடையுடுத்தவருமாகிய வியாசர் வந்தபோதோ விரைந்து துகிலை எடுத்து உடுத்துக்கொண்டனர். வியாசர் வியப்புற்றுக் காரணம் வினாவினார். உமக்கு ஆண் என்றும் பெண் என்றும் வேற்றுமை உண்டு, உம்முடைய மகனின் தூய நோக்கிலே அஃதில்லை என்று அவர்கள் விடையிறுத்தனர்.

இக்கதை நம் சமயப் பிரசங்கங்களிற் சுகரைப் புகழ்வதற்கே பயன்படுகின்றது. இது வியாசரைக் குறை கூறுகின்றது என்பதை எடுத்துரைப்பார் அரியர். வேதத்தை வகுத்தவர், பாரதத்தை இயற்றியவர், மூத்தவர், ஆடையும் அணிந்தவர். அவரை நோக்கியே அம்மகளிர் உம்முடைய பார்வையினாலேதான் எமக்கு நாணம் உண்டாயிற்று என்றனர். நாணத்துக்குக் காரணம் உடலிலோ துகிலிலோ இல்லை, காண்பவனுடைய கண்ணில் உள்ளது என்பதே கதையின் உட்பொருள். அதனை அளந்து கூறியவர்களும் பெண்களே. நம் புராணங்கள் இந்நெறியை எங்கும் கைக்கொண்டிருப்பின் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

கன்னட நாட்டிலே 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்கமாதேவியின் வரலாற்றை நோக்குக. இன்றைய சிவமொக்கா மாவட்டத்திலுள்ள உடுதடி என்னும் ஊரிற் பிறந்தவர். சென்னமல்லிகார்ச்சுனனையே தம் நாயகனாகக் கொண்டவர். அவ்வூரை ஆண்ட கௌசிகன் அவர் அழகைக் கண்டு விரும்பினான். இருவருக்கும் மணம் நிகழ்ந்ததா இல்லையா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. அரிகரர் பாடிய பழைய வரலாறு நிகழ்ந்தது என்கின்றது. 15ஆம் நூற்றாண்டிற் பிரபுலிங்கலீலை பாடிய சாமரசர் அதனை மறுக்கின்றார். துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் தமிழிற் செய்த பிரபுலிங்கலீலை சாமரசரைத் தழுவியதாதலின் தமிழர் அறிந்தது பிந்திய கதையே. எவ்வாறாயினும் மாதேவி அரண்மனையையும் ஆடையையும் ஒருங்கே நீத்துத் தம் நீண்ட கூந்தலே போர்வையாகக் கலியாணபுரத்துக்கு நடந்தார் என்பதிற் கருத்து வேறுபாடு பெரிதில்லை.

கலியாணத்தில் அனுபவ மண்டபத்திலே சரணர் குழாம் கூடியிருந்தது. அல்லமப்பிரபு மாதேவியைச் சோதிக்கின்றார். உன் கணவன் யார் என்பது முதல் வினா. பின்னர், ஆடையைத் துறந்தவள் கூந்தலாற் பின்னும் உடலை மறைப்பதென்னை என்பது வினா. பழத்தின் உள்ளே கனிவு முற்றினாலன்றிப் புறத்தோலின் பளபளப்பு நீங்காது. காமத்தின் அடையாளங்களைக் கண்டால் உங்களுக்கு நோவு உண்டாகலாம் என்றெண்ணி மறைத்தேன் என்னும் பொருள்பட மாதேவி விடை கூறியதாகச் சூனியசம்பாதனை என்னும் நூல் உரைக்கின்றது. சரணர் மகிழ்ந்து அவரை ஏற்றுக்கொண்டனர்.

இவ்விடையை அடக்கத்தின் எல்லை எனப் பாராட்டுவது மரபு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சொற்களை நிறுத்துப் பார்க்குமிடத்து இஃது ஓர் இடித்துரை. நோவு யாருக்கு? அவருக்கன்று, அவையிலே வீற்றிருந்த மெய்யடியார்களுக்கு. கனியாதது யாருடைய உள்ளம்? அவர் தம்மையே கூறினாரெனக் கொள்ளலாம். ஆயின் அடுத்த வாக்கியம் அவ்வாறு கொள்ளவிடாது. அவை முழுவதும் சுகர்களாயிருந்தால் மறைக்கவேண்டிய தேவையே எழுந்திராது. மாதேவி தம் எதிரிலிருந்தோரை வியாசர்களெனக் கண்டுகொண்டார். அதனை மரியாதை குன்றாமற் கூறியும் விட்டார்.

அல்லமப்பிரபுவுக்கு நியாயம் செய்தல் வேண்டும். அவர் பெண்ணை மட்டும் சோதித்தவரல்லர். சித்தராமரையும் கோரக்கரையும் சோதித்தார். மாதேவியிடம் வினாவியதும் அவர் பெருமையை அவைக்கு உணர்த்தவே என்பர். ஒப்புக்கொள்வோம். ஆனால் கோரக்கரிடம் சோதிக்கப்பட்டது வச்சிரம் போன்ற உடலைப் பற்றிய செருக்கு. சித்தராமரிடம் சோதிக்கப்பட்டது குளமும் கோயிலும் கட்டுவதிலிருந்த பற்று. அவர்கள் செய்தவையும் எண்ணியவையும் சோதனைக்கு உட்பட்டன. மாதேவியிடமோ முதலிற் கணவன் யாரென்றும் பின்னர் உடம்பு ஏன் மறைந்துள்ளதென்றும் வினாவப்பட்டது. ஆடையின்றிச் சென்ற சுகரை எவரேனும் வழிமறித்து, இப்பெண்களுக்கு உன்னால் நோவு உண்டாகுமே என்று கேட்டதாகப் பாகவதம் கூறவில்லை.

வினாவோடு நில்லாமல் இவ்வேற்றுமை ஒரு சமயத்தின் தருக்கநூல்களுள்ளும் புகுந்தது. சமணருள் திகம்பரர், ஆடையும் ஓர் உடைமையாதலின் அதனைத் துறந்தவனே முழுத்துறவி என்பர். பெண் ஆடையைத் துறத்தல் ஆகாது என்பதும் அவர் கொள்கை. ஆகவே பெண்பிறவியில் வீடுபேறு இல்லை என்று முடித்தனர். குந்தகுந்தாசாரியர் பெயரால் வழங்கும் சுத்தபாகுடத்திலே இக்கருத்தைக் காணலாம். சுவேதாம்பரர் இதனை மறுப்பர். பத்தொன்பதாந் தீர்த்தங்கரராகிய மல்லி பெண்ணே என்பது அவர் துணிபு. திகம்பரருக்கு அவர் மல்லிநாதர் என்னும் ஆண்.

இவ்வழக்கில் எம் மதிப்பைப் பெறுபவர் 9ஆம் நூற்றாண்டினராகிய சாகடாயனர். அவர் யாபனீயர். யாபனீய முனிவர் திகம்பரரைப் போல ஆடையின்றித் திரிந்தனர். ஆயினும் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்றனர். தாம் ஆடை களைந்தவராயிருந்தும் ஆடை களையமுடியாதவளுக்காக வாதாடியமை சிறிய செயலன்று. சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் நீக்குவதற்குத் துறவி கையிற் கொள்ளும் மயிற்பீலி உடைமையாகாதெனின், நோன்புக்குத் துணையாகப் பெண் உடுக்கும் சீலையும் உடைமையாகாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பெண் ஆடையின்றித் திரிதல் ஆகாது என்றதற்குக் காட்டிய காரணங்களுள் ஆடவரால் அவளுக்கு நேரக்கூடிய தீங்கும் ஒன்று. ஆடவன் செய்யும் தீங்கு பெண்ணின் குறைபாடாக மாறி, அக்குறைபாடு அவளுக்கு வீட்டின் கதவையும் அடைத்துவிட்டது! கழுகுமலைக் கல்வெட்டுக்களிலே மாணாக்கரையுடைய ஆசிரியைகளாகக் குறத்தியர் குறிக்கப்பெறுகின்றனர். அவர்கள் இவ்வாதத்தைக் கேட்டிருந்தால் யாது கூறியிருப்பர் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

சமணரைப் பற்றிக் கூறிவிட்டுச் சைவர் தப்பித்துக்கொள்ளுதல் நேர்மையன்று. சமணராயிருந்த காலத்திலே தம்மைக் கண்டு பெண்கள் கதவடைத்ததை அப்பரடிகள் பின்னாளில் நாணத்தோடு பாடினார். அங்கே குற்றம் தம்முடையது என்று கொண்டமை அவர் பெருமை. ஆனால் யாழ்ப்பாணத்திலே தலைமுறை தலைமுறையாகப் புராணபடனஞ் செய்யப்பெற்றுவரும் கந்தபுராணத்துத் தாருகவனக் கதையை எடுத்துக்கொள்க. இறைவன் பிட்சாடனராய் ஆடையின்றி வருகின்றார். முனிபத்தினியர் மயங்கி வளையும் துகிலும் நெகிழ நிற்கின்றனர். மோகினியாகிய திருமாலைக் கண்டு முனிவர்களும் தவமிழந்து பின்செல்கின்றனர். இரு பாலாரும் ஒரே வகையாகத் தவறினர். ஆனால் முனிவர்களுக்குச் சினம் மூண்டது தம் பத்தினியர் நிலையைக் கண்டபோது. வேள்வியிலிருந்து புலியையும் மானையும் பாம்பையும் ஏவியது அதன்பொருட்டே. தாம் மோகினியைத் தொடர்ந்து ஓடியதற்காகத் தம்மேல் ஏவுதற்கு அவர்களுக்கு யாதும் கிடைக்கவில்லைப் போலும். கச்சியப்பர் முனிவரின் செருக்கை எள்ளியே பாடினார். கேட்கும் நாம் பத்தினியர் நெகிழ்ந்ததை நினைவிற் கொண்டு மற்றதை மறந்துவிடுகின்றோம்.

பெண்ணை மூடிவைத்தது அவளுடைய காப்புக்காகவே என்பது பலரும் கூறும் விடை. அது முழுப் பொய்யன்று. படையெடுப்பும் கொள்ளையும் நிகழ்ந்த காலங்களிலே அவ்வச்சம் மெய்யாகவே இருந்தது. ஆனால் காப்பே நோக்கமெனின், பெண் தானாக விரும்பி மார்பை மறைக்க முற்பட்டபோது அதனைத் தடுத்திருத்தல் கூடாது. தென் திருவிதாங்கூரிலே தடுத்தனர். அக்காலத்திற் சாணார் என வழங்கப்பட்ட நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிதல் குலமுறைக்கு மாறானது எனப்பட்டது. கிறித்தவம் தழுவியவர்கள் குப்பாயம் அணிவதற்குக் கேணல் மன்றோ காலத்தில் இசைவு கிடைத்தது. 1822இல் தொடங்கிய கலகங்களிலே அணிந்தவர்களின் சீலைகள் பொதுவிடங்களிற் கிழிக்கப்பட்டன. 1829இல் வெளிவந்த அரச கட்டளை மேற்சீலை அணியும் உரிமையை மறுத்தது. 1858இல் மீண்டும் கலகம் மூண்டது. சென்னை ஆளுநர் திரெவெலியன் வற்புறுத்தியதன் பின் 1859 யூலை 26ஆந் திகதி அரசர் இசைவளித்தார். அப்போதும் உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணிதலாகாது என்னும் விலக்கு இருந்தது.

இங்கே நாணம் எங்கே போயிற்று? திருவிதாங்கூரிலே உயர்ந்தோர் முன்னிலையிலும் கோயிலிலும் மேலாடையை நீக்குதல் மரியாதை. யாழ்ப்பாணத்திலும் தாழ்த்தப்பட்டவன் உயர்சாதியானைக் கண்டவுடன் தோளிற் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டினான். அவன் வீட்டுப் பெண்ணுக்கு மேற்சட்டையும் மறுக்கப்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே ஆடவர் மேலுடம்பைத் திறந்து வழிபடுவதும் தாழ்ந்தவன் உயர்ந்தவன் முன் திறந்து நிற்றல் என்னும் அம்முறையின் தூய வடிவமே; ஆண்டவன் முன் அது பொருந்தும், எல்லா ஆடவருக்கும் பொதுவாயும் உள்ளது. மனிதர் முன் அதனைக் கேட்டதுதான் கொடுமை. ஒரே ஊரில் ஒரே பெரியோர் தம் குலப் பெண்ணை மூடவும் பிறர் குலப் பெண்ணைத் திறக்கவும் கட்டளையிட்டனர். இரண்டிலும் மாறாதிருந்தது கட்டளையிடும் உரிமையே.

பிற சமயத்தவரிடத்தும் இதே முடிச்சைக் காணலாம். பவுலடிகள் கொறிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலே, செபிக்கும்போது ஆண் தலையை மூடலாகாது, பெண் மூடவேண்டும் என்கின்றார். யூத ஆடவரும் சீக்கிய ஆடவரும் தலையை மூடியே இறைவனைத் தொழுகின்றனர். தலையை மூடுவது பணிவா, திறப்பது பணிவா என்பதில் உலகம் ஒருமைப்படவில்லை. திருக்குர்ஆன் 24ஆம் அத்தியாயத்தில் 30ஆம் வசனம் முதலில் ஆண்களுக்கே பார்வையைத் தாழ்த்துமாறு கட்டளையிடுகின்றது. பெண்களைப் பற்றிய வசனம் அதற்கு அடுத்தது. பாகவதத்துத் தெய்வ மகளிர் கூறியதற்கு இது மிக அணித்தான நெறி. ஆனால் 30ஆம் வசனத்தை நடைமுறைப்படுத்துவதற்கு எந்த நாட்டிலும் தனிக் காவற்படை அமைத்ததாக யாம் கேள்வியுற்றதில்லை.

ஈரானின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1936இல் ரேசா சா முக்காட்டை விலக்கினார். காவலர் வீதியிலே பெண்களின் போர்வையைப் பறித்தனர். வீட்டைவிட்டு வெளியேறாமலே சில ஆண்டுகளைக் கழித்த பெண்களும் உண்டு. 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் முக்காடு கட்டாயமாயிற்று; 1983இல் அதனை அணியாதவர்க்கு எழுபத்துநான்கு கசையடி வரை தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. பாட்டியின் தலையிலிருந்து பறித்ததைப் பேர்த்தியின் தலையிற் கட்டினர். 2022 செத்தெம்பரில், முக்காட்டை முறையாக அணியவில்லையெனத் தடுத்து வைக்கப்பட்ட மஹ்சா அமீனி என்னும் 22 வயதுப் பெண் காவலிலிருந்தபோது உயிரிழந்தமையும் அதன்பின் எழுந்த கிளர்ச்சியும் யாவரும் அறிந்தவை. பிரான்சு 2004இல் அரசாங்கப் பாடசாலைகளில் முக்காடு முதலிய சமயச் சின்னங்களை விலக்கியது. 2010இல் முகத்திரையையும் பொதுவிடங்களில் விலக்கியது. நோக்கங்கள் வேறு, ஆயினும் பேசப்பட்ட பொருள் இங்கும் பெண்ணின் தலை.

நம் நாட்டில் 2018இலே திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் பாடசாலைக்கு முசிலிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. சேலையே நம் பண்பாடு என்றனர் ஒரு சாரார். அபாயா எம் சமயம் என்றனர் மற்றச் சாரார். ஊர்வலங்களும் அறிக்கைகளும் நிறைய வந்தன. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் முகத்தை மூடும் ஆடை சில மாதங்கள் விலக்கப்பட்டது. 2022 நவம்பரிலே, பொருளாதார நெருக்கடி மிகுந்திருந்த வேளையில், ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையுடன் பாடசாலை சென்றபோது மறுபடியும் பண்பாட்டுக்கு ஆபத்து நேர்ந்ததாகப் பேசப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்த காலத்திலே ஆசிரியர் அறையில் ஆண் ஆசிரியர் அனைவரும் ஐரோப்பியக் காற்சட்டையே அணிந்திருந்தனர். வேட்டியைக் கைவிட்டமையாற் பண்பாடு குன்றியதென ஓர் ஊர்வலமும் போகவில்லை. சேலையை யாம் இகழவில்லை. அது அழகிய உடை. ஆனால் பண்பாட்டைச் சுமக்கும் வேலையை ஒரு பாலாருக்கு மட்டும் வகுத்தவர் யார் என்று மாணவியொருத்தி வகுப்பிற் கேட்டால், சொல்லத்தக்க விடை எம்மிடம் இல்லை.

இதுகாறும் நோக்கியவை யாவும் பெண்ணைப் பற்றிப் பிறர் வகுத்தவை. மாதேவியின் விடையும் பிற்காலத்து நூலொன்றின் வாயிலாகவே கிடைக்கின்றது. தன் உருவத்தைப் பற்றிப் பெண்ணொருத்தி தானே பாடிய நூல் தமிழிலே உண்டு. காரைக்காலம்மையார் அருளியவற்றையே கூறுகின்றோம்.

அவர் கதையை நாம் சேக்கிழாரிடமிருந்து அறிகின்றோம். மாங்கனி நிகழ்ந்தது, பரமதத்தன் அஞ்சிக் கப்பலேறிப் பாண்டி நாடு சென்று வேறொரு பெண்ணை மணந்தான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயரிட்டான். தேடி வந்த மனைவியின் காலிலே குடும்பத்தோடு விழுந்தான். இவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என அம்மையார் உடற்சதையை உதறிப் பேய்வடிவை இரந்து பெற்றார். கணவன் மறுமணஞ் செய்ததற்கு அவனுடலில் ஒன்றும் குறையவில்லை. மனைவிக்கு, அழகு என்பது ஒருவன்பொருட்டு வைத்திருந்த பொருள். அவன் நீங்கினால் அதுவும் நீங்கவேண்டும். சுகர் துகிலை மட்டும் களைந்து நடந்த வழியிலே நடப்பதற்கு அம்மையார் தசையையே களையவேண்டியிருந்தது.

ஆயினும் சேக்கிழார் பெருங்கவி. பேயுருவைக் கண்டு வழியிலே மக்கள் அஞ்சி ஓடியபோது அம்மையார் வாயில் அவர் வைத்த சொற்களின் கருத்து இது: இறைவன் என்னை அறிவானாயின், உண்மையறியாத மக்களுக்கு நான் எந்த உருவாய்த் தோன்றினால் என்ன? மாதேவி அவையோரின் நோவை எண்ணினார்; அம்மையார் எண்ணவில்லை. அக்கருத்தை ஓர் ஆண் கவி எழுதினார் என்பதற்காக அதன் வலிமை குறையாது.

ஆனால் அம்மையாரின் சொந்த நூல்களைப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். அற்புதத் திருவந்தாதியிலும் திருவிரட்டை மணிமாலையிலும் மூத்த திருப்பதிகங்களிலும் பரமதத்தன் இல்லை, மாங்கனி இல்லை, இழந்த அழகைப் பற்றிய பேச்சும் இல்லை. பிறந்து மொழி பயின்ற நாள்முதல் கொண்ட காதலைப் பேசுகின்றார். பேய்க்கணத்துள் ஒருவராய் இருப்பதைப் பேறாகவே கருதுகின்றார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதற்பாட்டிலே வற்றிய மார்பும் குழிந்த கண்ணும் நீண்ட கணைக்காலுமுடைய பெண்பேயை அருவருப்புமின்றி இரக்கமுமின்றித் தெளிவாக வரைகின்றார். அப்பேய் அலறும் காட்டிலேயே இறைவன் ஆடுகின்றான். அந்தாதியின் முடிவிலே தம் பெயரையும் காரைக்காற்பேய் என்றே பொறித்தார். சேக்கிழார் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு பிந்தியவர். கணவன் விட்டதனால் அழகை விட்டாள் என்னும் காரணம் அவருடைய காலத்து இல்லறச் சமுதாயத்துக்கு வேண்டியிருந்திருக்கலாம். பாடிய அம்மையாருக்கு அது வேண்டியிருந்ததற்குப் பாட்டிலே சான்று காணோம்.

பொலன்னறுவைச் சிவாலயத்திற் கிடைத்த வெண்கலப் படிமங்களுள் அம்மையாரின் படிமமும் ஒன்று. சோழர் ஆட்சியோடு இந்நாட்டுக்கு வந்த அம்மரபிலே கூத்தப்பெருமான் அருகே அவர் என்புருவாய் அமர்ந்து பாடுகின்றார். நம் பாடநூல்கள் மாங்கனியோடு தொடங்கிக் கைலாயத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்தாதியின் பத்துப் பாட்டுக்களையேனும் அக்கதைக்கு முன்பாக மாணவர்க்குக் கற்பிப்பதற்குப் பெரிய இடையூறு ஒன்றும் இல்லை.